வலம்வரும் கால்கள் ஓய வேண்டாம்!

முழங்கால் வலி ஏன் வருகிறது? எப்படித் தணிப்பது? வராமல் காப்பது எப்படி?

அலிபிரியிலிருந்து திருமலைக்கு நடந்து செல்லும் பாதை ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளம் கொண்டது, 3,550 படிகள். அந்தப் பாதையின் பிற்பகுதியில் படிகள் செங்குத்தாக உயரும் ஓர் இடத்துக்குத் தெலுங்கில் 'மோகாள்ள பர்வதம்' என்று பெயர். 'மோகாலு' என்றால் முழங்கால். தமிழ் அடியார்கள் அந்த ஏற்றத்தை 'முழங்கால் முறிச்சான்' என்றே அழைத்து வந்திருக்கிறார்கள். திருமலை முழுவதும் சாளக்கிராம வடிவம், அதன்மேல் பாதம் படலாகாது என்று கருதிய ஸ்ரீராமாநுஜர், முழங்கால்களால் ஊர்ந்தே மலையேறினார் என்பது வைணவ மரபு போற்றும் செய்தி.

முழங்காலையே பாதமாக்கி ஏறிய அந்தப் பக்தியை நினைத்து உருகும் குடும்பங்களில்தான் இன்று வேறொரு காட்சியும் தென்படுகிறது. அறுபதைக் கடந்த தாயோ தந்தையோ மலைக்கோயிலை மட்டுமல்ல, தெருக்கோடியில் இருக்கும் பிள்ளையார் கோயிலையும் விட்டுவிட்டு வீட்டுக்குள் அமர்ந்துவிடுகிறார்கள். ''மூட்டு தேய்ந்துவிட்டது. நடந்தால் இன்னும் தேயும். பேசாமல் ஓய்வெடுங்கள்'' என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். அந்த அன்பில் குறையில்லை. அந்த அறிவுரையில்தான் குறை இருக்கிறது.

ஏனெனில், முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கு ஓய்வு மருந்தல்ல. அளவறிந்த அசைவே முதல் மருந்து. உலகெங்கும் மூட்டு மருத்துவர்கள் இன்று ஒருமனதாக வலியுறுத்துவது இதைத்தான். மாத்திரையும் ஊசியும் அறுவை சிகிச்சையும் அதற்குப் பின்னரே வருகின்றன.

வழிபாட்டின் ஓர் அங்கம்

முழங்காலுக்கும் வழிபாட்டுக்கும் உள்ள தொடர்பு நடையோடு நின்றுவிடுவதில்லை. பெண்கள் செய்யும் பஞ்சாங்க நமஸ்காரத்தில் நிலம் தோய வேண்டிய ஐந்து அங்கங்கள், தலை ஒன்று, கைகள் இரண்டு, முழந்தாள்கள் இரண்டு. அதாவது ஐந்தில் இரண்டு பங்கு முழங்காலுக்கே உரியது. கோலமிடக் குந்துவதும், சந்நிதி முன் சம்மணமிட்டு அமர்வதும், பிராகாரம் சுற்றுவதும், படியேறுவதும் அந்த மூட்டின் துணையால்தான். அது நோகும்போது உடலோடு சேர்ந்து வழிபாட்டு வாழ்க்கையும் சுருங்குகிறது.

மேலே தொடை எலும்பு, கீழே கணைக்கால் எலும்பு, முன்புறம் முழங்கால் சில்லு ஆகிய மூன்றும் கூடும் இடமே முழங்கால் மூட்டு. எலும்போடு எலும்பு உரசாதபடி அவற்றின் முனைகளில் வழுவழுப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. இடையில் பிறை வடிவில் இரண்டு சவ்வுத் தட்டுகள் அதிர்வைத் தாங்குகின்றன. மூட்டைச் சூழ்ந்த உறைக்குள் பசை போன்ற திரவம் சுரந்து உராய்வைக் குறைக்கிறது. நான்கு முக்கியத் தசைநார்கள் மூட்டை நிலைகுலையாமல் கட்டி நிறுத்துகின்றன. இவை அனைத்துக்கும் காவலாக நிற்பது தொடையின் முன்புறத் தசை. அது வலுவாக இருந்தால் ஒவ்வோர் அடியிலும் விழும் சுமையின் ஒரு பகுதியை அது வாங்கிக்கொள்ளும். மெலிந்துவிட்டால் சுமை முழுவதும் மூட்டின் மீதே இறங்கும்.

'தேய்மானம்' என்ற சொல் செய்யும் தீங்கு

செருப்பு தேய்கிறது, வண்டிச் சக்கரம் தேய்கிறது. எவ்வளவு அதிகம் பயன்படுத்துகிறோமோ அவ்வளவு விரைவில் அவை வீணாகின்றன. 'மூட்டுத் தேய்மானம்' என்று கேட்டதும் மனம் இந்த ஒப்புமையைத்தான் பற்றிக்கொள்கிறது. நடையைக் குறைத்தால் மூட்டை மிச்சப்படுத்தலாம் என்ற எண்ணம் இங்கிருந்தே பிறக்கிறது.

மூட்டு உயிருள்ள உறுப்பு. குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் கிடையாது. அதற்கு வேண்டிய ஊட்டம் மூட்டுத் திரவத்திலிருந்துதான் கிடைக்க வேண்டும். நீரில் தோய்த்த பஞ்சை அழுத்தினால் பழைய நீர் வெளியேறும். விட்டால் புதுநீர் உள்ளேறும். நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் குருத்தெலும்புக்கு நிகழ்வது இதுவே. அசையாத மூட்டில் இந்தப் போக்குவரத்து குறைந்துபோகிறது.

அசைவின்மை இன்னொரு தீங்கையும் செய்கிறது. வலிக்கிறது என்று நடையைக் குறைத்தால் தொடைத் தசை மெலிகிறது. தசை மெலிந்ததும் மூட்டின் மீது சுமை கூடி வலி பெருகுகிறது. வலி பெருகவே நடை இன்னும் குறைகிறது. உடல் எடை ஏறுகிறது. அந்த எடையும் மூட்டின் மீதே இறங்குகிறது. சில ஆண்டுகளில், கோயில் வாசல் வரை நடந்தவருக்குக் கூடத்திலிருந்து அடுக்களைக்குச் செல்வதே அரிதாகிவிடுகிறது. இந்தச் சுழலை எங்காவது ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும். அதற்கு எளிய இடம் தசை.

எக்ஸ்-ரே படத்தைக் கண்டு மனம் தளர்வதும் வேண்டாம். படத்தில் தேய்மானம் மிகுதியாகத் தெரிந்தும் வலியின்றி நடமாடுவோர் பலர். படத்தில் சிறு மாற்றமே இருந்தும் வலியால் துன்புறுவோரும் உண்டு. சிகிச்சை தேவைப்படுவது வலிக்கும் மனிதருக்கே, படத்துக்கல்ல.

யாருக்கு வருகிறது?

முதுமை முதற்காரணம். ஆயினும் முதியோர் அனைவருக்கும் இது வருவதில்லை. மாதவிடாய் நின்ற பின் பெண்களுக்கு இது ஆண்களைவிட அதிகம் வருகிறது. உடல் பருமன், முன்பு முழங்காலில் பட்ட அடி, குடும்ப வழி, கால்கள் வில்லாக வளைந்திருத்தல், நெடுங்காலம் குந்தியும் மண்டியிட்டும் சுமை தூக்கியும் செய்த வேலை ஆகியனவும் காரணங்களாகின்றன.

அதன் அடையாளங்கள் தெளிவானவை. நடக்கையிலும் படியேறி இறங்குகையிலும் வலிக்கும். சற்று அமர்ந்தால் தணியும். காலையில் எழுந்ததும் மூட்டு இறுகியிருக்கும். அரைமணி நேரத்துக்குள் இளகிவிடும். நெடுநேரம் சம்மணமிட்டிருந்து எழுந்தால் முதல் சில அடிகள் கடினமாக இருக்கும். மடக்கும்போது நறநறவென்று ஒலி எழலாம். வலியில்லாமல் ஒலி மட்டும் எழுந்தால் அஞ்ச வேண்டியதில்லை.

எல்லா வலியும் தேய்மானமல்ல

முழங்கால் வலி என்றதும் 'வயதாகிவிட்டது' என்று முடிவு கட்டிவிடுவது தவறு. சில அறிகுறிகள் தென்பட்டால் காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மூட்டு திடீரென வீங்கி, சிவந்து, தொட்டால் சுட்டு, உடன் காய்ச்சலும் இருந்தால் அது மூட்டுக்குள் புகுந்த கிருமித் தொற்றாக இருக்கக்கூடும். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அவசர நிலை அது. கீழே விழுந்தபின் காலை ஊன்றவே முடியாமற்போனால் எலும்பு முறிவா என்று பார்க்க வேண்டும். கால் மடங்கியபடியே பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமற்போனால் உள்ளிருக்கும் சவ்வுத் தட்டு கிழிந்திருக்கலாம்.

காலை இறுக்கம் ஒருமணி நேரம் வரை நீடித்து, கைவிரல் மூட்டுகளும் சேர்ந்து வீங்கினால் அது முடக்குவாதத்தின் அறிகுறி. நடுவயதினருக்கும் இளம்பெண்களுக்கும்கூட அது வரும். தொடக்கத்திலேயே தகுந்த மருந்து தந்தால் மூட்டு சிதையாமல் காக்கலாம். தாமதித்தால் இழப்பு பெரிது. இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்து வரும் மூட்டு வீக்கத்துக்கும் தனி மருந்து உண்டு. ஆகவே, வந்திருப்பது எது என்று அறிந்த பின்னரே எண்ணெயோ மாத்திரையோ பயிற்சியோ தொடங்க வேண்டும்.

ஒரு மண்டலப் பயிற்சி

தேய்மானமே என்று மருத்துவர் உறுதிசெய்தபின் தொடங்க வேண்டியது தசைப் பயிற்சி. இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. ஒரு பாயும் உறுதியான நாற்காலியும் போதும்.

முதலாவது: கால்களை நீட்டி அமர்ந்து, முழங்காலின் அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதை முழங்காலால் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். தொடை இறுகுவது தெரியும். ஐந்து எண்ணும்வரை இறுக்கிப் பிறகு தளர்த்தலாம்.

இரண்டாவது: நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து ஒரு காலை மெல்ல உயர்த்தி நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மெல்ல இறக்க வேண்டும்.

மூன்றாவது: மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி ஊன்றி, மற்றொரு காலை மடக்காமல் ஒரு முழ உயரம் தூக்கி நிறுத்தி இறக்க வேண்டும்.

நான்காவது: நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் எழுந்து, மீண்டும் மெதுவாக அமர வேண்டும். தொடக்கத்தில் உயரமான நாற்காலி நல்லது. தேவையானால் கைகளை ஊன்றிக்கொள்ளலாம். நாளடைவில் அந்தத் துணையைக் குறைக்கலாம்.

ஒவ்வொன்றையும் காலுக்குப் பத்து முறை, நாளுக்கு இருவேளை செய்யலாம். மூச்சை அடக்கக் கூடாது. பயிற்சியின்போது சிறிது வலிப்பது இயல்பு. மறுநாள் காலையிலும் வலி கூடுதலாக இருந்தால் அளவு மிகுந்துவிட்டது என்று பொருள். அப்போது எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். பயிற்சியையே நிறுத்திவிடக் கூடாது.

பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். நான்கு நாள் செய்துவிட்டுப் பயனில்லை என்று விட்டுவிடுகிறார்கள். தசை வலுப்பெற ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். ஒரு மண்டலம், அதாவது 48 நாள்கள், விளக்கேற்றுவோர்க்கும் விரதம் காப்போர்க்கும் பழகிய கணக்கு. அதே மன உறுதியோடு, காலையில் விளக்கேற்றியபின் பத்து நிமிடம் என்று வகுத்துக்கொண்டால் ஒரு மண்டலத்தின் முடிவில் மாற்றம் தெரியத் தொடங்கும். இதயநோய், இரத்த அழுத்தம் உள்ளவர்களும் அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரையோ இயன்முறை சிகிச்சையாளரையோ கேட்டுத் தொடங்க வேண்டும். நடக்க இயலாதோரின் வீட்டுக்கே சென்று இயன்முறை சிகிச்சை அளிக்கும் வசதி, தமிழக அரசு 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துப் பெறலாம்.

ஒரு கிலோ குறைந்தால் நான்கு கிலோ!

சமதரையில் நடக்கும்போது முழங்காலின் மீது விழும் விசை உடல் எடையைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு. படி ஏறுகையில் அது மூன்று மடங்கைக் கடக்கிறது. இறங்குகையில் மூன்றரை மடங்காகிறது. முழங்கால் வலி உள்ளவர்கள் ''ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம்'' என்று சொல்வதன் காரணம் இதுவே.

இந்தக் கணக்கில் ஒரு நற்செய்தியும் இருக்கிறது. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மீது விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஐந்து கிலோ குறைத்தவர் அடிக்கு இருபது கிலோ சுமையை இறக்கி வைத்தவராகிறார்.

விரத மரபு இதற்குத் துணை செய்யும். முறையாகக் கடைப்பிடித்தால் மட்டும். பகல் முழுவதும் பட்டினி கிடந்து, இரவில் வடையும் அப்பமும் பாயசமுமாக நிரப்பினால் எடை குறையாது. இரவு உணவை எளிதாக்குதல், இனிப்பையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் பிரசாத அளவோடு நிறுத்துதல், காய்கறியும் கீரையும் பருப்பும் கூட்டிச் சோற்றைச் சற்றுக் குறைத்தல் ஆகிய இவையே போதும். சர்க்கரை நோய்க்கு மருந்து உண்போர் மருத்துவரைக் கேளாமல் உபவாசம் இருத்தல் ஆகாது.

எண்ணெய், மாத்திரை, ஊசி

வெதுவெதுப்பான எண்ணெய் தடவி மென்மையாக நீவுவதும், இறுகிய மூட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் தருவதும் இதமளிக்கும். வலி தணிந்த அந்த நேரத்தில் பயிற்சி செய்வது எளிது. வீங்கிச் சூடாக இருக்கும் மூட்டை அழுத்தித் தேய்க்கக் கூடாது; அதற்குத் துணியில் சுற்றிய பனிக்கட்டி ஒத்தடமே ஏற்றது.

முடக்கத்தான் கீரைக்கு அதன் பெயரே அடையாளம். 'முடக்கு அறுத்தான்' என்பதே அவ்வாறு மருவியது என்பர். தோசையாகவும் ரசமாகவும் அதைத் தாராளமாக உண்ணலாம். ஆனால் கீரையை மட்டும் நம்பிப் பயிற்சியை விடலாகாது. சித்த, ஆயுர்வேத சிகிச்சையை நாடுவோர் முறையாகப் பயின்ற மருத்துவரிடமே செல்ல வேண்டும். பெயரோ சேர்மானமோ அச்சிடப்படாத பொட்டலத்தில், 'ஒரே வாரத்தில் வலி பறக்கும்' என்று தரப்படும் சூரணங்கள் ஆபத்தானவை. அத்தகையவற்றில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருப்பது பலமுறை கண்டறியப்பட்டிருக்கிறது. வலி மறையும், சர்க்கரை ஏறும், எலும்பு வலுவிழக்கும்.

வலி மிகும் நாள்களில், மேலே தடவும் வலி நிவாரணிக் களிம்பை முதலில் பயன்படுத்திப் பார்க்கலாம். உள்ளுக்குச் சாப்பிடும் வலி மாத்திரைகள் மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன காலத்துக்கு மட்டுமே. மருந்துக் கடையில் தாமாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் இரைப்பையில் புண்ணும் சிறுநீரகத்தில் பாதிப்பும் இரத்த அழுத்த உயர்வும் நேரலாம். மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைத் தணிக்கும். அந்த இடைவேளையைத் தசையை வலுவாக்கப் பயன்படுத்திக்கொள்வதே அறிவுடைமை.

அறுவை சிகிச்சை எப்போது?

பயிற்சி, எடைக் குறைப்பு, மருந்து ஆகியவற்றை முறையாகச் செய்தும் இரவில் உறக்கம் கெடும் அளவுக்கு வலி நீடித்து, அன்றாட நடமாட்டமே முடங்கினால், மூட்டு மாற்று அறுவை சிகிச்சை குறித்து மருத்துவரோடு பேசலாம். தேய்ந்த எலும்பு முனைகளைச் செதுக்கி, உலோகமும் உயர்தரப் பிளாஸ்டிக்கும் கொண்ட செயற்கைப் பரப்பைப் பொருத்துவது இந்த முறை. பெரும்பாலோருக்கு அது இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைக்கிறது. அறுவை முடிந்த ஓரிரு நாளிலேயே எழுப்பி நடக்க வைக்கிறார்கள். தமிழகத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளிலும் இது செய்யப்படுகிறது.

இதற்கு அஞ்சிப் பத்தாண்டு வலியைச் சுமப்பதும் வேண்டாம். பயிற்சியே செய்து பாராமல் அவசரப்படுவதும் வேண்டாம். அறுவைக்குப் பின் நடக்கலாம், படி ஏறலாம். தரையில் சம்மணமிடுதல், மண்டியிடுதல் ஆகியவற்றைப் பெரும்பாலும் தவிர்க்கச் சொல்வார்கள். புதிய மூட்டுக்கும் தொடைத் தசையே காவல். எனவே அறுவைக்கு முன்னும் பின்னும் பயிற்சி தொடர்ந்தாக வேண்டும்.

கோயிலுக்குச் செல்வோர் கவனத்துக்கு

முழங்கால் வலியுள்ளோர் நடைபழகக் கோயில் பிராகாரத்தைவிடச் சிறந்த இடம் அரிது. சமதளம், வாகனத் தொல்லையில்லை, அமர்வதற்குத் திண்ணை உண்டு, மனம் வலியை விட்டு வேறொன்றில் ஒன்றுகிறது. காலையிலோ மாலையிலோ கல் சுடாத வேளையில் செல்ல வேண்டும். எண்ணெய் சிந்திய இடத்தையும் அபிஷேக நீர் வழியும் இடத்தையும் கவனித்து நடக்க வேண்டும். முதல் வாரம் ஒரு சுற்று, வலி கூடவில்லையெனில் அடுத்த வாரம் இரண்டு, பிறகு மூன்று என வளர்க்கலாம்.

ஊன்றுகோலை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். வலது முழங்கால் வலித்தால் இடக்கையில் கோல். பலரும் இதை மாற்றியே செய்கிறார்கள். படி ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும். இறங்கும்போது வலிக்கும் காலை முதலில் வைக்க வேண்டும். பக்கச்சுவரையோ கைப்பிடியையோ பற்றுவதில் கூச்சம் வேண்டாம்.

மலைக்கோயில்களுக்கும் ஒரு வரிசை வகுத்துக்கொள்ளலாம். அறுபது தமிழ் ஆண்டுகளைக் குறிக்கும் சுவாமிமலையின் 60 படிகளில் தொடங்கி, ஆண்டின் நாள்களைக் குறிக்கும் திருத்தணியின் 365 படிகளுக்குத் தேறி, பின்னர் பழனியின் 693 படிகளை நினைக்கலாம். சோளிங்கர் பெரிய மலையின் 1,305 படிகளையோ அலிபிரிப் பாதையையோ எந்த முன்பயிற்சியும் இன்றி ஒரே நாளில் ஏறி, பின் ஒரு மாதம் படுத்திருப்பது முழங்காலுக்கு இழைக்கும் அநீதி. இயன்றவர்கள் நடந்து ஏறி, வாகனத்தில் இறங்கலாம். மூட்டை வருத்துவதில் இறக்கமே கொடியது என்பதை மறக்கலாகாது.

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதில் இந்திர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்கள் இருப்பது முழங்கால் வலியுள்ளோருக்கு ஒரு வசதியும்கூட. ஒவ்வொரு சந்நிதியிலும் சற்று அமர்ந்து காலை நீட்டி மடக்கி எழலாம். தைப்பூசப் பாதயாத்திரைக்கு மாலையிடுவோரும், ஒரு மண்டல விரதம் இருந்து சபரிமலை செல்வோரும் விரத நாள்களையே நடைப்பயிற்சி நாள்களாகவும் ஆக்கிக்கொண்டால், யாத்திரை நாளில் கால்கள் திகைக்கமாட்டா.

முத்துச் சிவிகை தந்த கருணை

இவ்வளவும் செய்தும் படியேற இயலாதவர்கள் இருக்கிறார்கள். பழனியில் விஞ்சும் ரோப் காரும் இருந்தும், சோளிங்கரில் 2024 முதல் ரோப் கார் ஓடியும், 'ஏறாமல் போனால் புண்ணியம் குறையுமே' என்று தயங்கி வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.

பெரியபுராணம் சொல்லும் வரலாறு ஒன்று அவர்களுக்காகவே இருக்கிறது. தலந்தோறும் சென்று பாடிய திருஞானசம்பந்தர் அப்போது சிறு குழந்தை. தந்தையின் தோளில் அமர மறுத்து, பிஞ்சுப் பாதங்கள் நோகத் திருஅரத்துறை நோக்கி நடந்தார். வழியில் மாறன்பாடியில் இரவு தங்கினார். அந்த நோவைப் பொறாத இறைவன், அரத்துறை அடியார்களின் கனவில் தோன்றி, முத்துச் சிவிகையும் குடையும் சின்னமும் சந்நிதியில் இருப்பதைச் சொல்லி, அவற்றைப் பிள்ளைக்கு அளிக்கச் செய்தார். நடந்து வந்தால்தான் காட்சி என்று அந்த இறைவன் சொல்லவில்லை. வாகனத்தை அவனே அனுப்பினான். இன்றைய விஞ்சையும் சக்கர நாற்காலியையும் அந்தக் கருணையின் தொடர்ச்சியாகவே கொள்ளலாம்.

நமஸ்காரத்திலும் அப்படியே. அஷ்டாங்கம், பஞ்சாங்கம் என்று சொன்ன சைவ மரபே, சிரத்தின்மேல் இரு கைகளையும் குவிக்கும் திரியாங்க நமஸ்காரத்தையும் சொல்லியிருக்கிறது. தரையில் விழுந்து எழ இயலாதவர் நின்றபடியே கைகுவித்து வணங்குவது குறைபட்ட வழிபாடல்ல. மரபு வகுத்த வழிபாடே. பாராயணத்துக்குத் தரையில்தான் அமர வேண்டும் என்பதில்லை. முதுகு நிமிர நாற்காலியில் அமர்ந்து சொல்லலாம். வீட்டுப் பூஜை மாடத்தைச் சற்று உயர்த்தி அமைத்தால் தினமும் குந்தி எழ வேண்டியிராது. கழிப்பறையில் மேற்கத்திய இருக்கையும் சுவரில் கைப்பிடியும் பொருத்துவது பெற்றோருக்குப் பிள்ளைகள் செய்யும் நல்ல தொண்டு.

நாற்பதிலேயே தொடங்கலாம்

வந்தபின் போக்குவதினும் வருமுன் காப்பது எளிது. நாற்பதைத் தொட்டவர்கள் எடையைக் கட்டுக்குள் வைத்து, நாள்தோறும் அரைமணி நேரம் நடந்து, வாரம் இருமுறையேனும் தொடைத் தசைக்குப் பயிற்சி தந்தால், பின்னாளில் வரும் வலியைத் தள்ளிப்போடலாம். வந்தாலும் அதன் கடுமை குறையும். விளையாட்டிலோ விபத்திலோ முழங்காலில் அடிபட்டால், வீக்கம் வடிந்ததும் மறந்துவிடாமல் முழுமையாகச் சிகிச்சை பெற வேண்டும். நெடுநேரம் ஒரே நிலையில் அமர்ந்து வேலை செய்வோர் மணிக்கொரு முறை எழுந்து நாலடி நடக்க வேண்டும். இளமை முதல் தரையில் அமர்ந்து பழகியவர்கள் வலியில்லாதவரை அதைத் தொடரலாம். வலிப்பவர்கள் பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்லை.

பெற்றோரை வீட்டில் அமர்த்திவிட்டுக் கோயிலுக்குச் செல்லும் பிள்ளைகள் அடுத்த பிரதோஷத்துக்கு அவர்களையும் அழைத்துச் செல்லட்டும். ஒரு கையில் கோலும் மறு கையில் பிள்ளையின் தோளுமாக, ஒரே ஒரு சுற்று போதும். நந்தியெம்பெருமானின் அபிஷேகத்தைக் கண்ணாரக் கண்டு, வழியில் நான்கு தெரிந்த முகங்களோடு பேசி, மெல்ல வீடு திரும்பட்டும். அதற்கடுத்த பிரதோஷத்துக்குள் நாற்காலிப் பயிற்சி பதினைந்து நாள் ஆகியிருக்கும். அப்போது இரண்டு சுற்றுக்குக் கால்களே ஆயத்தமாகும்.